படிவத்தில் நான் சொன்ன ‘இல்லை’

ஜூன் 11: ஐந்து வயது மெர்லின், நிற்க முடியாத நிலையில், பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் நரம்பியல் பிரிவில் சேர்க்கப்பட்டாள். உடன் இருந்தவர்கள்: தாய் ஷீலா, தந்தை அருள், தாயின் தந்தையாகிய நான்.

ஜூன் 12, 13: மூளைக்கும் தண்டுவடத்துக்கும் எம்.ஆர்.ஐ. தண்டுவட நீர் எடுத்துப் பரிசோதனை.

ஜூன் 14 முதல் 18 வரை: நாளுக்கு ஒருமுறை, நரம்பு வழியாக ஸ்டீராய்டு மருந்து.

ஜூன் 20: வீடு திரும்பினாள். நிற்கவில்லை.

ஆகஸ்ட் 9: காய்ச்சல், மூச்சுத் திணறல். தீவிர சிகிச்சைப் பிரிவு.

ஆகஸ்ட் 13: மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பப்பட்டது.

ஆகஸ்ட் 18: ஷீலா ஆறு வாரக் கர்ப்பம் என்று தெரிந்தது.

ஆகஸ்ட் 26, முற்பகல் 11.40: மெர்லின் இறந்தாள்.

அக்டோபர் 3: மரபணுப் பரிசோதனையின் முடிவு வந்தது.

அக்டோபர் 28: ஷீலாவின் பனிக்குட நீர் பரிசோதனைக்கு எடுக்கப்பட்டது. முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

மேலே உள்ளவற்றை மருத்துவமனைக் கோப்பிலிருந்தும் என் நாட்குறிப்பிலிருந்தும் எடுத்து எழுதினேன். தேதிகளில் பிழை இல்லை. கோப்பின் முதல் பக்கத்தில், ஜூன் 11 அன்று எழுதப்பட்ட ஒரு சொல் மட்டுமே பிழையானது. அதைச் சொன்னவன் நான்.

முப்பத்துநான்கு ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தேன். ஓய்வு பெற்றபின் விவேக் நகரில் மகள் குடும்பத்தோடு வாழ்கிறேன். மனைவி காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. என் தகப்பனார் கோலார் தங்க வயலில் சுரங்கத் தொழிலாளி. எங்கள் தாய் இறந்தபோது எனக்கு ஆறு வயது. அக்கா லூர்துமேரி எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்று என்னைப் பார்த்துக்கொண்டார். அந்த அக்காவின் மகன்தான் அருள். ஷீலாவை அருளுக்குக் கேட்டபோது அக்கா நீண்ட பேச்சு எதுவும் பேசவில்லை. “உன்கிட்ட நான் வேற எதுவும் கேட்டதில்லடா அந்தோணி” என்று மட்டும் சொன்னார். பிள்ளைகள் இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்திருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் நெருங்கிய ரத்த உறவில் மணம் செய்ய ஆயரின் விலக்கு, அதாவது சிறப்பு அனுமதி, வேண்டும். அதற்கான விண்ணப்பத்தில் உறவுமுறையை விளக்கி நானே கையொப்பமிட்டேன்.

அதே ஆண்டுகளில் தொடங்கி, வேறொரு தேவாலயப் பங்கில், மணமாகப் போகிறவர்களுக்கான ஆயத்த வகுப்பில் மரபுவழி நோய்கள் பற்றிப் பேசி வந்தேன். பலகையில் நான்கு கட்டங்கள் வரைவேன். தாயிடம் ஒரு பழுதான பிரதி, தந்தையிடம் அதே பழுதான பிரதி இருந்தால், நான்கில் ஒரு கட்டத்தில் இரண்டு பழுதும் சேரும் என்று காட்டுவேன். ஒரே குடும்பத்தில் பெண் கொடுத்து எடுத்தால் அந்த ஒரே பழுது இருபுறமும் இருக்கும் வாய்ப்பு கூடும் என்று சொல்வேன். என் வீட்டுத் திருமணத்தைப் பற்றி அங்கே எவரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

மெர்லின் இரண்டு வயதில் கால்விரல் நுனியில் நடக்கத் தொடங்கினாள். அழகாக இருக்கிறது என்றோம். நான்கு வயதில் அடிக்கடி விழுந்தாள். சொற்கள் தாமதமாக வந்தன. மே மாதம் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கால்கள் இரண்டும் மரக்கட்டைபோல் விறைத்தன.

மருத்துவமனையில் சேர்த்த அன்று ஷீலா குழந்தையோடு உள்ளே இருந்தாள். அருள் வண்டியை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார். நோய் வரலாற்றை எழுத வந்த இளம் மருத்துவர் நிம்மி என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

“சார்! என்னைத் தெரியல? போன வருஷம் மேரேஜ் கோர்ஸ்ல முதல் பெஞ்ச். நீங்க நாலு கட்டம் போட்டு வெளுத்து வாங்கினீங்களே! கூட வந்த எங்க மாமியார் நடுவுலயே எழுந்து போயிட்டாங்க.”

“ஏன்?”

“அவங்க அவங்க தாய்மாமனைக் கட்டிக்கிட்டவங்க சார்.”

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு கேள்விகளைத் தொடங்கினார். பிரசவம் எப்படி, பிறந்த எடை என்ன, எத்தனை மாதத்தில் உட்கார்ந்தாள். எல்லாவற்றுக்கும் என்னிடம் துல்லியமான பதில்கள் இருந்தன.

“அடுத்தது, பேரன்ட்ஸ் ரெண்டு பேரும் சொந்தமா? ஐயோ, உங்ககிட்ட போய் இதைக் கேக்கறேன் பாருங்க.”

“இல்லை” என்றேன்.

நான் பதில் சொல்லும் முன்பே அவர் எழுதிவிட்டார் என்று சில நாட்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையன்று. பேனாவைத் தாளுக்கு மேல் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். சொன்ன பிறகுதான் எழுதினார்.

ஒரு பெரிய மருத்துவமனையில் முதல் நாள் எழுதப்படும் வரலாறு எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பது எனக்கு அதற்கு முன் தெரியாது. அடுத்து வரும் மருத்துவர் அதைப் படித்துத் தம் குறிப்பில் எழுதுகிறார்; அதற்கடுத்தவர் அவருடைய குறிப்பைப் படிக்கிறார். நரம்பியல், கண், எலும்பு, பேச்சுப் பயிற்சி என்று ஆறு பிரிவுகளின் தாள்களில் அந்த ‘இல்லை’ ஆறு கையெழுத்துகளில் இருந்தது. ஷீலாவையோ அருளையோ எவரும் மீண்டும் கேட்கவில்லை.

எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே மூன்று மணி நேரம் காத்திருந்தோம். எண்கள் திரையில் ஏறின. எங்கள் எண் ஏறவில்லை. மெர்லின் தன் மருந்துப் புட்டி தொங்கும் கம்பத்துக்கு ஒட்டகச்சிவிங்கி என்று பெயர் வைத்திருந்தாள். ஊசி போட வந்த செவிலியிடம் கன்னடத்தில் எண்ணச் சொல்வாள். “ஒந்து, எரடு” வரை செவிலி எண்ணுவார்; “மூரு” என்று மெர்லின் மெதுவாக, மிக மெதுவாகச் சொல்லி முடிப்பதற்குள் ஊசி போட்டு முடிந்திருக்கும். அருள் அலுவலகத்திலிருந்து நேராக வந்து, குழந்தையின் பாதங்களை மடியில் வைத்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிடுவார். எனக்கு ஒரு நாற்காலியை எங்கிருந்தோ இழுத்து வந்து போட்டுவிட்டுத் தாம் நிற்பார்.

எம்.ஆர்.ஐ.யில் சில மாற்றங்கள் தெரிந்தன. அவை எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. மூத்த நரம்பியல் மருத்துவர் கட்டிலருகே நின்று எங்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். காய்ச்சலுக்குப் பிறகு திடீரென்று மோசமாகியிருக்கிறது. குடும்பத்தில் வேறு எவருக்கும் இப்படி இல்லை. பெற்றோர் உறவினரும் அல்லர். ஆகவே பரம்பரை நோயைவிட, உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்புகளையே தாக்கும் அழற்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்கலாம் என்றார்.

ஷீலாவுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆனால் பெற்றோர் உறவினர் அல்லர் என்று அவர் சொன்ன கணத்தில் மெர்லின் வாந்தி எடுத்தாள். ஷீலா துணியைத் தேடிக் குனிந்தாள். அருள் அன்று அலுவலகத்தில். அந்த ‘ஆகவே’ எதன்மேல் நிற்கிறது என்பது அந்த அறையில் எனக்கு மட்டுமே தெரியும். மருத்துவருக்குப் பின்னால் நிம்மி நின்றிருந்தார். நான் வாய் திறக்கவில்லை.

ஐந்து நாட்கள் மருந்து ஏறியது. முகம் உப்பியது, பசி கூடியது, கால்கள் அப்படியே இருந்தன. மருந்து வேலை செய்யக் காலமாகும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். குறைந்த அளவில் மாத்திரை தொடர்ந்தது. ஜூலையில் கஞ்சி குடிக்கும்போது இருமத் தொடங்கினாள்.

ஆகஸ்டில் வந்தது நிமோனியா. விழுங்கும் தசைகள் தளர்ந்து, உணவு வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் சிறிது சிறிதாக இறங்கியிருக்கிறது என்றார்கள். மூச்சுக் குழாய்க்குள் குழாய் செருகி இயந்திரத்தோடு இணைத்தார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு விதி உண்டு. ஒரு குழந்தைக்கு இரண்டு அனுமதிச் சீட்டுகள். தந்தை வீட்டுக்கு ஒன்று, தாய் வீட்டுக்கு ஒன்று. ஐந்தாம் நாள் காலை ரயிலில் அக்கா வந்தார். எவர்சில்வர் கேரியரில் கேழ்வரகுக் களியும் கீரையும். சீட்டு இரண்டும் ஷீலாவிடமும் அருளிடமும் இருந்தன. வாசலில் காவலர் கையை நீட்டித் தடுத்தார்.

“ஒப்பரே ஒப்பரு, அம்மா. ஒரு பக்கத்துக்கு ஒருத்தர்தான்.”

“எந்தப் பக்கத்துக்கு?”

“அப்பா பக்கம் ஒண்ணு, அம்மா பக்கம் ஒண்ணு.”

“நான் ரெண்டு பக்கமும்தான்யா!” அக்காவின் குரல் தாழ்வாரம் முழுவதும் கேட்டது. “உள்ள இருக்கிற புள்ளையோட அப்பனை நான் பெத்தேன். புள்ளையோட அம்மாவுக்கு அப்பன் இதோ நிக்கிறானே குச்சி மாதிரி, இவன் என் கூடப் பொறந்தவன். நியாயமாப் பாத்தா எனக்கு ரெண்டு சீட்டு தரணும். நீ ஒண்ணுக்கே அழுவுற.”

காவலர் சிரித்துவிட்டார். அப்போது கதவைத் திறந்து வெளியே வந்த பிரிவின் மருத்துவர் நின்றார். சேலத்துக்காரர்; தமிழில் பேசுபவர்.

“அம்மா, இப்ப என்ன சொன்னீங்க?”

“சீட்டு கேட்டேன் சார்.”

“அது இல்ல. இவரு உங்க தம்பியா? கூடப் பொறந்த தம்பியா?”

“பின்ன வாங்கிட்டா வந்தேன்?”

மருத்துவர் கையிலிருந்த கோப்பைப் புரட்டினார். முதல் பக்கத்துக்கு வந்தார். “இங்க சொந்தம் இல்லைன்னு இருக்கே.”

“எவன் எழுதினான் இல்லைன்னு?”

மருத்துவர் என்னைப் பார்த்தார். “பதிவு செய்யும்போது தவறு நேர்ந்திருக்கலாம்” என்றேன். இதை இவ்வளவு ஒழுங்கான தமிழில்தான் சொன்னேன். என் இரண்டாவது பொய் அது.

நிம்மியை அழைத்தார்கள். அவர் வந்து, பக்கத்தைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார். மூன்று நொடிகள் இருக்கலாம்.

“கேக்காமலே எழுதியிருப்பேன் சார். சாரி” என்று பிரிவின் மருத்துவரிடம் சொன்னார்.

அன்று மாலைக்குள் ஸ்டீராய்டைக் குறைக்கத் தொடங்கினார்கள், மரபணுப் பிரிவு மருத்துவர் வந்தார், ரத்தம் போயிற்று. இரண்டு மாதங்களாக நடக்காதது ஒரே பகலில் நடந்தது.

ஐந்து நாட்கள் கழித்துத் தாழ்வாரத்தில் ஷீலா வாந்தி எடுத்தாள். பட்டினியால் என்று நினைத்தோம். ஒரு செவிலி அவள் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போய் ஏதோ கேட்டார். திரும்பி வந்த ஷீலா அக்காவின் தோளில் தலை சாய்த்து, “அத்தை, இப்பப் போயா” என்றாள். அக்கா அவளுக்குக் களியைச் சிறு உருண்டைகளாகப் பிட்டு ஊட்டினார். “சாப்புடு. உள்ளே ரெண்டு பேரு காத்திருக்காங்க. ஒண்ணு ரூமுக்குள்ள, ஒண்ணு உனக்குள்ள.”

ஆகஸ்ட் 26 பற்றி மேலே எழுதியிருப்பதற்கு மேல் என்னால் எழுத இயலவில்லை.

அக்டோபர் மூன்றாம் தேதி மரபணுப் பிரிவு மருத்துவர் எங்கள் மூவரையும் அமர வைத்து முடிவை விளக்கினார். நான் புரிந்துகொண்டவரை எழுதுகிறேன். மரபணு என்பது உடலுக்கான ஒரு குறிப்பு. செல் அதை நகலெடுத்தே பயன்படுத்துகிறது. அந்த நகலுக்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். நகலின் நடுவே வேண்டாத பகுதிகள் இருக்கும். அவற்றை வெட்டி நீக்கி, எஞ்சியதை ஒட்டவேண்டும். அந்த வேலைக்கு மிகச் சிறிய ஆர்.என்.ஏ.க்கள் சில கத்தரிக்கோலாக அமைகின்றன. அந்தச் சிறியவையும் எங்கேனும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அவற்றை நகலெடுக்கவும் யாரேனும் தொடங்கி வைக்க வேண்டும். தொடங்கி வைப்பது ஐந்து புரதங்கள் கொண்ட ஒரு குழு. அவற்றுள் மிகப் பெரிய புரதத்துக்கான மரபணுவின் பெயர் எஸ்.என்.ஏ.பி.சி. 4. அந்தப் புரதம் டி.என்.ஏ.வில் உரிய இடத்தைப் பற்றிக்கொண்டால்தான் நகலெடுக்கும் இயந்திரம் அங்கே வந்து அமரும்.

“கத்தரிக்கோல்ல தப்பு இல்ல. கத்தரிக்கோல் செய்யற பட்டறை சரியாத் தொறக்கல” என்றார் மருத்துவர். “எல்லா செல்லுக்கும் இது வேணும். ஆனா நீளமான நரம்புதான் முதல்ல தாங்காம போகுது போல. உலகத்துலயே ரொம்பக் கொஞ்சம் குடும்பங்கள்லதான் இதைப் பாத்திருக்காங்க. அதனால எங்களுக்கும் முழுசாத் தெரியாது.”

மெர்லினிடம் அந்த மரபணுவின் இரு பிரதிகளிலும் ஒரே இடத்தில் ஒரே மாற்றம். என் தாயிடமோ தந்தையிடமோ இருந்த ஒன்று, அக்கா வழியாக அருளுக்கும் என் வழியாக ஷீலாவுக்கும் வந்து, மெர்லினிடம் சேர்ந்திருக்கிறது. நான்கு கட்டங்களை மருத்துவர் ஒரு தாளில் வரைந்தார். நான் தாளைப் பார்க்கவில்லை.

ஷீலா கேட்டாள்: “முன்னாடியே தெரிஞ்சிருந்தா காப்பாத்தியிருக்கலாமா?”

“இதுக்கு மருந்து கிடையாதும்மா.”

“ஸ்டீராய்டு?”

“அதாலதான் நிமோனியா வந்துச்சுன்னு சொல்ல முடியாது. விழுங்கறது ஏற்கெனவே பிரச்சனை.”

“வரலைன்னும் சொல்ல முடியாது இல்லையா டாக்டர்?”

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “வயித்துல இருக்கறதுக்கு இன்னும் நேரம் இருக்கு. பதினாறு வாரத்துல தண்ணி எடுத்துப் பாக்கலாம். ஜூன்லயே தெரிஞ்சிருந்தா, இன்னொண்ணுக்கு முன்னாடியே உங்களை உக்கார வெச்சுப் பேசியிருப்போம்” என்றார்.

பரிசோதனைக்குப் பழைய கோப்பின் நகல் வேண்டியிருந்தது. மருத்துவமனைக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் தாள்களை ஒவ்வொன்றாக வைத்து எடுக்க, ஷீலா வரிசைப்படுத்தினாள். முதல் பக்கத்தில் அவள் கை நின்றது. ‘உறவு: இல்லை’ என்ற வரியின் கீழே இன்னொரு வரி இருந்தது. ‘தகவல் தந்தவர்: தாயின் தந்தை.’

“அப்பா, அந்த டாக்டர் பொண்ணு கேக்காம எழுதிட்டான்னுதானே சொன்னாங்க?”

“கேட்டாள்.”

“நீங்க?”

“இல்லை என்றேன்.”

“ஏம்ப்பா?”

“அவள் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தவள்.”

வேறு காரணம் என்னிடம் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஷீலா அழவில்லை. தாள்களைத் தட்டி நேராக்கி, உறையில் போட்டாள்.

“இனிமே ஃபார்ம் எல்லாத்தையும் நானே எழுதறேன்” என்றாள். சாலையைக் கடக்கும்போது வழக்கம்போல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மறுபுறம் போனதும் விட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் எனக்குக் குறை எதுவும் இல்லை. காப்பி நேரத்துக்கு வருகிறது. ரத்த அழுத்த மாத்திரை தட்டில் வைக்கப்படுகிறது. அருளிடம் அவள் சொல்லியிருக்கிறாள் என்பது, அவர் என் அறை வாசலில் வந்து நின்று திரும்பிப் போனதில் தெரிந்தது. மறுநாள் வந்து, “மாமா, ஆட்டோ சொல்லியிருக்கேன், பத்து மணிக்கு ரெடியா இருங்க” என்றார். கண் பரிசோதனைக்கு என்னை அழைத்துப்போகவேண்டிய நாள் அது, நானே மறந்திருந்தேன்.

பனிக்குட நீர் எடுப்பது இருபது நிமிட வேலை. ஸ்கேனில் குழந்தை இருக்கும் இடத்தைப் பார்த்து, வயிற்றின் வழியாக நீண்ட ஊசி செலுத்தி, குழந்தையைச் சுற்றியுள்ள நீரில் கொஞ்சம் எடுப்பார்கள். அதில் குழந்தையின் செல்கள் இருக்கும். ஊசியால் கரு கலையும் ஆபத்தும் சிறிது உண்டு என்று எழுதிய தாளில் ஷீலா படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டாள். முடிவு எப்படி வந்தாலும் என்ன செய்வது என்பதை அவளும் அருளும் பேசி வைத்திருந்தார்கள். என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கும் உரிமையை இழந்திருந்தேன்.

மூன்று வாரங்களும் கடந்தன. அவள் கைப்பேசி ஒலிக்கும்போதெல்லாம் நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன். நவம்பர் 18 அன்று வரச் சொன்னார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. மருத்துவரின் அறைக்குள் அவர்கள் இருவரும் போனார்கள். நான் வெளியே அமர்ந்தேன். பன்னிரண்டு நிமிடங்கள். கதவு திறந்தது. அருள் முதலில் வந்து சுவரில் சாய்ந்து முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டார். ஷீலா எனக்கு மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்து கைப்பேசியை எடுத்தாள்.

“அத்தை, பழுது ஒண்ணுதான் வந்திருக்கு. இன்னொண்ணு நல்ல பிரதி. ஆமா, எங்களை மாதிரியே. நடக்கும் அத்தை. நடக்கும்னு சொல்றேன்ல. நீங்க அழாதீங்க.”

எனக்குச் செய்தி கிடைத்தது இப்படித்தான். எனக்காகவும் கேட்கும்படி அவள் சற்று உரக்கப் பேசினாளா என்று தெரியவில்லை. அப்படி எண்ணிக்கொள்ள எனக்கு விருப்பம் உண்டு, ஆதாரம் இல்லை.

இதை எழுதுவது நவம்பர் கடைசியில். உறவில் மணம் செய்திருப்பவர்கள் இதைப் படித்தால், மருத்துவர் கேட்கும்போது உள்ளதைச் சொல்லுங்கள் என்பதற்கு மேல் நான் சொல்ல எதுவுமில்லை.

செய்யாமல் இருப்பவை:

1. மெர்லினின் அளவுக்குச் சொல்லிவைத்திருந்த சக்கர நாற்காலி செப்டம்பரில் வந்தது. உறை பிரிக்காமல் இருக்கிறது. தேவைப்படும் குழந்தை வீட்டுக்குச் சேர்க்க வேண்டும்.

2. சித்தப்பா மகனின் வீட்டில் ஜனவரியில் பேத்திக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை அக்காவின் பேரன் முறை; இதுவும் சொந்தத்துக்குள்தான். கோலார் தங்க வயலுக்கு நேரில் போய், இரு வீட்டாரும் ரத்தம் கொடுத்துப் பார்க்கும்படி சொல்ல வேண்டும். ஏன் என்பதையும் சொல்ல வேண்டும்.

3. மருத்துவர் நிம்மி கேட்டுத்தான் எழுதினார் என்று அவருடைய மூத்த மருத்துவருக்கு என் கையொப்பத்தோடு கடிதம். நான்கு முறை எழுதினேன், அனுப்பவில்லை.

4. ஆயத்த வகுப்புக்கு மீண்டும் அழைத்திருக்கிறார்கள். பதில் எழுதவில்லை.

5. ஷீலாவிடம் காரணத்தைச் சொல்லியிருக்கிறேன். மன்னிப்பு இன்னும் கேட்கவில்லை.